ஓடவிளைப் பொழியின் திறப்பு விழா

சரோஜத்தைப் பற்றி இதுவரை அச்சில் வந்தது ஒரே ஒரு வரிதான்: "காலநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்கும் முன்னோடிப் பெண் விவசாயி." அது ஒரு பிளக்ஸ் பேனரில் வந்தது. வரி அவளுடையது, படம் வேறு யாருடையதோ. பல்வரிசை தெரியச் சிரிக்கும் ஒரு பெண் நெற்கதிரை அணைத்துக்கொண்டு நின்றாள். ஓடவிளையில் நெல் அறுத்து இருபது வருஷம் ஆகிவிட்டது என்பதைப் பேனர் அடித்தவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சரோஜம் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பொம்பளைக்க பல்லு நல்ல பல்லு" என்று சொன்னாள்.

ஓடவிளை திருவனந்தபுரம் ஜில்லாவின் தெற்கு ஓரம். பூவாரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். மேற்கே கடல், கிழக்கே வயல், நடுவில் ஒரு காயல். காயல் கடலில் சேரும் வாயில் அலை மண்ணைத் தள்ளித் தள்ளி ஒரு வரம்பு கட்டிவிடும். அந்த மணல் வரம்புக்குப் பொழி என்று பெயர். மழைக்காலத்தில் காயல் நிறைந்து வயலுக்குள் ஏறும்போது ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு போய்ப் பொழியைக் கீறி விடுவார்கள். கீறுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, எப்போது கீறுவது என்பதுதான் விஷயம். கடல் இறங்கி, காயல் மேலும் கடல் கீழுமாக நிற்கும் நேரம் பார்த்து ஒரு முழ அகலத்துக்குக் கீறினால் போதும். மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். கடல் ஏறி நிற்கும்போது கை வைத்தால் கடல் வயலுக்கு வந்துவிடும். உப்பு குடித்த வாழைக்கு மருந்து கிடையாது.

சரோஜம் இருபத்திரண்டு வயதில் களியக்காவிளைப் பக்கத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தாள். புருஷன் சுவாமிதாஸ் சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு நாற்பது சென்ட் வயல் இருந்தது, ஆனால் அந்த வயலின் நான்கு எல்லையும் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே வயல் சரோஜத்தின் தலையில் விழுந்தது. அவள் நெல் போட்டாள். உப்பு ஏறி நெல் கருகியது. மரச்சீனி நட்டாள். வெள்ளம் நின்று கிழங்கு அழுகியது. அவள் உட்கார்ந்து அழவில்லை என்று சொன்னால் பொய். அழுதாள், பிறகு எழுந்து மண்ணை இரண்டடி உயரத்துக்குக் கூனை கூனையாகக் கூட்டி, அடியில் தேங்காய் உரித்த தொண்டு புதைத்து, மேலே ஏத்தன் வாழை வைத்தாள். கூனைகளுக்கு நடுவே வாய்க்கால், வாய்க்கால் முனையில் ஒரு பலகை. கீரையைப் பழைய பெயின்ட் வாளிகளில் போட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினாள். தினம் காலையில் வாய்க்கால் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவாள். உப்பு கூடினால் பலகையை இறக்குவாள். இப்படி முப்பத்துநாலு வருஷம் போனது. இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்பது அவளுக்குப் போன வருஷம்தான் தெரிந்தது.

போன வருஷம்தான் திட்டம் வந்தது. அதன் முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும். கடைசி வார்த்தை தாங்குதிறன் என்று முடியும். அதை ஓடவிளைக்குக் கொண்டுவந்தவன் ஆன்சன், நெய்யாற்றின்கரைப் பையன், இருபத்தெட்டு வயது, நல்ல படிப்பு, கெட்ட சம்பளம். முதல் கூட்டத்தில் சரோஜம் எழுந்து கேட்டாள்.

"தாங்குதிறன்னு வச்சா என்ன மக்கா?"

"எவ்வளவு அடி விழுந்தாலும் தாங்கிக்கிட்டு, திரும்பவும் எழும்பி நிக்கது மாமி."

"அப்படியா? எனக்குக் கல்யாணம் கழிஞ்சு முப்பத்துமூணு வருஷமாச்சு. அது எனக்கு அறியலாம்."

கூட்டம் சிரித்தது. சுவாமிதாஸும் சிரித்தார், ஏனென்றால் அன்றுதான் அவரைப் பயனாளிகள் கமிட்டிச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். ரிட்டயர் ஆன நாள் முதல் மனிதர் வீட்டில் ஒரு பஸ் இல்லாத கண்டக்டராக அலைந்துகொண்டிருந்தார். இப்போது எண்ண ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். கூட்டம் தொடங்குமுன் தலைகளை எண்ணுவார், முடிந்தபின் எண்ணுவார், இடையில் டீ வரும்போது ஒருமுறை எண்ணுவார். கமிட்டியில் நாற்பத்தைந்து பேர்.

திட்டம் நிறைய நல்லது செய்தது. நாற்பத்தைந்து போனிலும் கடல் எச்சரிக்கை ஆப் ஏற்றிக் கொடுத்தது. உப்பு அளக்க ஒரு மீட்டர் கொடுத்தது, அதன் பேட்டரி தீர்ந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டி சாவியைச் செயலாளரிடம் கொடுத்தது. பொழி கீறுவதையும் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது. இனிமேல் யாரும் கண்டபடி கீறக் கூடாது, ஜேசிபி வரும், திட்டத்தின் மேலிடத்திலிருந்து பெரிய சார் வந்து திறந்து வைப்பார், படம் எடுத்து மேலே அனுப்பப்படும். நாற்பத்தைந்து பேர் சார்பாக சுவாமிதாஸ் தாளில் பெயரெழுதி ஒப்பு போட்டார்.

ஜூன் பாதியில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. காயல் நிறைந்து வயலுக்குள் ஏறி, வெள்ளிக்கிழமை காலையில் சரோஜத்தின் கூனைகளை முக்கால் உயரத்துக்கு மூழ்கடித்திருந்தது. இருநூற்றுப் பத்து வாழை. எல்லாம் குலை தள்ளிய வாழை, ஓணத்துக்கு வெட்ட வேண்டியது. ஒரு வருஷத்துப் பாடு முழுக்க அதில்தான் நின்றது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகி, ஒவ்வொன்றாகச் சாயும்.

"இஞ்சேருங்க, வெள்ளம் வாழைக்க மூட்டுக்கு வந்தாச்சு. நாளைக்கு உச்சை கழிஞ்சு வத்தம், கடலு எறங்கும். நாளைக்கே பொழி முறிக்கணும்" என்றாள்.

சுவாமிதாஸ் டயரியைப் புரட்டினார். "திங்கக்கெழம பதினோரு மணிக்குத் திறப்பு விழா, உத்காடனம் வச்சிருக்கு. பெரிய சார் அண்ணைக்குத்தான் ஒழிவு."

"திங்கக்கெழம அமாவாசை. பதினோரு மணிக்குக் கடலு தலைக்கு மேல நிக்கும்."

"அத நான் சாரிட்ட எப்படிடி சொல்லுவேன்? நோட்டீஸ் அடிச்சாச்சு."

ஆன்சனிடமும் போய்ச் சொன்னாள். அவன் கையைப் பிசைந்தான். அவனுடைய வேலைக் கெடு ஜூன் முப்பதோடு தீர்கிறது. அதற்குள் பொழி திறந்த படம் போகாவிட்டால் கெடு நீளாது. பையனைக் குறை சொல்லவும் மனது வரவில்லை. அவன் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

சனிக்கிழமை கமிட்டி ஹாலில் தாங்குதிறன் வகுப்பு இருந்தது. காலை பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை, மத்தியானம் பிரியாணி. ஊரே அங்கே போய்விட்டது. இரண்டு மணிக்குப் பொழியில் இரண்டு பேர் நின்றார்கள், சரோஜமும் பக்கத்து வயல் கோலப்பனும். கோலப்பனுக்கு அறுபது வயது, பிரியாணியை விட்டுவிட்டு வந்தது பெரிய தியாகம்.

"பிள்ளே, நல்லா எறங்கியாச்சு. வெட்டு" என்றார்.

வெட்டினார்கள். ஒரு முழ அகலம், முப்பது அடி நீளம். முதலில் தண்ணீர் சந்தேகத்தோடு ஒழுகியது, பிறகு கரையைத் தின்னத் தொடங்கியது. மூன்று மணிக்கு வாய் பத்தடி அகலம் ஆகிவிட்டது. காயல் கலங்கிய சிவப்போடு கடலுக்குள் போவதைப் பார்த்தபோது சரோஜத்துக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கியது. சாயங்காலம் கூனைகளின் அடி தெரிந்தது. ஒரு வாழைகூடச் சாயவில்லை.

ஹாலில் சுவாமிதாஸ் எண்ணிப் பார்த்ததில் நாற்பத்துமூன்று தலைதான் தேறியது. குறைவது எந்த இரண்டு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வருகைப் பதிவு நிறைந்திருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே மனைவிக்கும் கோலப்பனுக்கும் தானே ஒப்பு போட்டார். இதனால் என்ன ஆயிற்று என்றால், பொழி முறிந்த நேரத்தில் சரோஜம் ஹாலில் உட்கார்ந்து பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தாள் என்று ஆவணம் ஆகிவிட்டது. யார் முறித்தது என்று கேட்க வழியில்லை. ஆன்சன் தன் நோட்டில் 'பொழி தானாக முறிந்தது' என்று எழுதிக்கொண்டான். எழுதிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். திறந்து கிடக்கும் பொழியைத் திங்கட்கிழமை எப்படித் திறப்பது?

இதற்கு விடை கண்டுபிடித்தவர் சுவாமிதாஸ்தான். ஒரு நல்ல கண்டக்டருக்குப் பஸ் எந்த ஊர் போகிறது என்பதைவிட, நேரத்துக்கு எடுப்பது முக்கியம். "ஜேசிபி நாளைக்கே வருதில்லியா? மூடிருவோம். மூடிட்டுத் திங்கக்கெழம திறப்போம்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடல் இறங்கிய நேரத்தில், ஜேசிபி பொழியை அடைத்தது. நன்றாகவே அடைத்தது. வேலையைக் கமிட்டியின் எழுத்து அனுமதியோடுதான் செய்தார்கள், அதில் செயலாளர் ஒப்பு இருந்தது. சரோஜம் அந்த நேரம் சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இருந்தாள். கோலப்பன் வாசலில் வந்து நின்று சொன்னபோது, ஜெபத்தின் நடுவில் எழுந்து ஓடிவந்தாள்.

"வெள்ளம் எல்லாம் போயாச்சே. காயலு காலியாக் கெடக்கு" என்றாள் வீட்டுக்குள் நுழைந்ததும். "நாளைக்குப் பதினோரு மணிக்குத் திறந்தா கடலத் தடுக்க உள்ள என்ன இருக்கு? நேர வயலுக்கு வரும். உங்களுக்கு இது அறியாதா?"

சுவாமிதாஸுக்குத் தெரியும். ஓடவிளையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். "ஒரு அஞ்சு நிமிசம்தான்டி. படம் எடுத்த ஒடனே மூடிருவோம்" என்றார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பொழிக்கரையில் பந்தல் நின்றது. ஜேசிபிக்கு மாலை போட்டிருந்தார்கள். பெரிய சார் வடக்கிலிருந்து வந்தவர், தங்கமான மனிதர், தமிழும் தெரியாது மலையாளமும் தெரியாது, கடலையும் விமானத்திலிருந்துதான் பார்த்திருக்கிறார். ஆன்சன் வரவேற்புரையில் எச்சரிக்கை ஆப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாற்பத்தைந்து போனும் ஒரே நேரத்தில் அலறின. கள்ளக்கடல். இரண்டு மணி வரை கரையோரம் கடல் ஏறும், சிவப்பு எச்சரிக்கை. திட்டத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அந்த ஆப்தான். சுவாமிதாஸ் எழுந்து மைக்கைப் பிடித்து, "எல்லாரும் தயவுசெய்து மொபைல சைலன்ட்ல போடணும்" என்று கேட்டுக்கொண்டார். எல்லாரும் போட்டார்கள்.

சரோஜம் போடவில்லை. அலறும் போனோடு மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாரே, இண்ணைக்குத் திறக்காண்டாம். காயல்ல வெள்ளம் இல்ல. இப்பம் திறந்தா கடலு உள்ள ஏறும், எங்களுக்க வாழை எல்லாம் பட்டுப் போவும். சாயங்காலம் வரை பொறுத்தா போதும்."

பெரிய சார் ஆன்சனைப் பார்த்தார். ஆன்சன் மைக்கை வாங்கிக்கொண்டான். பிறகு ஆங்கிலத்தில், இந்த அம்மா முன்னோடி விவசாயி, ஊர்ப் பெண்கள் சார்பாக உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றான். பெரிய சாருக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்குப் போட்ட பொன்னாடையைக் கழற்றிச் சரோஜத்துக்குப் போர்த்தினார். மூன்று கேமராக்கள் அதை எடுத்தன. சரோஜத்துக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தவர் மேடையில் ஒருவர் இருந்தார், முப்பது வருஷம் கோவளத்துக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியவர். சரோஜம் அவரைத்தான் பார்த்தாள். சுவாமிதாஸ் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்குப் பெரிய சார் பச்சைக் கொடி காட்டினார். ஜேசிபி இரண்டே வாரலில் வரம்பை உடைத்தது. ஞாயிற்றுக்கிழமை போட்ட மண், ஒட்டியிருக்கவில்லை. கடல் உள்ளே வந்தது. நுரையோடு, சத்தத்தோடு, யாரோ கூப்பிட்டு அனுப்பினார்கள் என்பதுபோல வந்தது. பெரிய சார் கைதட்டினார், அவரோடு வந்தவர்களும் தட்டினார்கள். தண்ணீர் ஓடுவதுதானே முக்கியம். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது ஓடவிளைக்காரர்களின் பழக்கம், அவர்கள் கைதட்டவில்லை. ஐந்து நிமிஷத்தில் மூடலாம் என்று ஜேசிபி வாளியை இறக்கினார்கள். அலை வாளியையே தள்ளியது. ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டான்.

சரோஜம் வயலுக்கு ஓடினாள். வாய்க்கால் பலகையை இறக்கி அதன்மேல் தானே உட்கார்ந்தாள். தண்ணீர் பலகையைச் சுற்றிவரவில்லை, பலகைக்கு மேலாக வந்தது. உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வாழை உடனே சாவதில்லை. முதலில் இலையின் ஓரம் பழுப்பாகும், பிறகு பழுப்பு இலையின் நடு வரை வரும், பிறகு இலை தண்டோடு ஒட்டித் தொங்கும். ஒன்பது நாள் சரோஜம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் பருக்காத குலைகளோடு நின்ற வாழைகளை வெட்டும்போது அவளுக்கு வந்த துக்கத்தை இன்னது மாதிரி என்று சொல்ல முடியாது. கோபம் வந்திருந்தால் தேவலை. கடல் செய்திருந்தால் அவள் அழுதுவிட்டு அடுத்த நாள் கன்று தேடப் போயிருப்பாள், பழக்கம்தான். இது கடல் செய்ததல்ல. அந்த ஒன்பது நாளும் சுவாமிதாஸுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது, ஒரு சொல் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் ஆன்சன் டேப்லெட்டோடு வந்தான். பயிர்ச் சேதக் கணக்கு. அவனுடைய கெடு ஒரு வருஷம் நீண்டிருந்தது, மகள் பிறந்திருந்தாள். முகத்தை நிமிர்த்தாமல் கேட்டான்.

"மாமி, நஷ்டத்துக்குக் காரணம் போடணும். கடலேற்றம்னு போடுதேன். நஷ்டபரிகாரம் கிட்டும். ஊருல எல்லாரும் அதுதான் போட்டிருக்காவ."

"கடலா?" என்றாள் சரோஜம். "கடலு எனக்கு முப்பத்துநாலு வருசமா அயல்வீடு. நல்லதும் செஞ்சிருக்கு, கெட்டதும் செஞ்சிருக்கு. அது செய்யாத ஒண்ணுக்கு அதும்மேல கள்ளச்சாட்சி சொல்லி எனக்குப் பைசா வேண்டாம்."

"பின்ன என்ன போட மாமி?"

"நடந்தத போடு. உத்காடனம்னு போடு."

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல மாமி."

சுவாமிதாஸ் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது நாளில் ஆள் பாதியாகியிருந்தார். "எனக்க பேரப் போடு" என்றார்.

"மாமா, இதுல ஆளுக்க பேரு போட முடியாது. நாலே நாலு ஆப்ஷன்தான். புயல், கடல், வறட்சி, பூச்சி. ஏதாவது ஒண்ணு போடாம இது மேல போகாது."

சுவாமிதாஸ் கதவை விட்டு முன்னால் வந்தார். "பூச்சியில போடு" என்றார்.

ஆன்சன் சரோஜத்தைப் பார்த்தான். அவள் புருஷனைப் பார்த்தாள், பொழிக்கரையில் பார்த்ததற்குப் பிறகு முதல் தடவையாக. அவர் இந்தத் தடவை குனியவில்லை.

"போடு மக்கா" என்றாள். "அது சத்தியம்தான்."

அப்படியாக, ஓடவிளையில் நாற்பத்துநான்கு விவசாயிகளின் பயிர் கடலால் அழிந்ததாகவும், ஒருவருடையது பூச்சியால் அழிந்ததாகவும் அறிக்கை போயிற்று. நாற்பத்துநான்கு பேருக்கு நஷ்டபரிகாரம் வரப்போகிறது என்று கேள்வி. வந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் பூச்சி விஷயத்தில் மேலிடம் மின்னலாக வேலை செய்தது. மூன்றாவது வாரமே இரண்டு லிட்டர் வேப்பெண்ணெயும், தோளில் மாட்டும் தெளிப்பானும், தாக்குதலின் தீவிரத்தை ஆராய லிபி என்ற இளம் பெண் அதிகாரியும் திருவனந்தபுரத்திலிருந்து வந்து இறங்கினார்கள்.

சரோஜம் அப்போது வயலில் இருந்தாள். மழையை வைத்து உப்பைக் கழுவுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கூனைகளை உடைத்து, வாய்க்காலை ஆழப்படுத்தி, முன்பைவிட ஓரடி உயரமாகப் புதுக் கூனை கூட்ட வேண்டும். தள்ளி, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஒரு மனிதர் மண்வெட்டி போட்டுக்கொண்டிருந்தார். வெட்டத் தெரியாத வெட்டு. உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. விடிந்தது முதல் நிற்கிறார். வயலின் நான்கு எல்லையும் இந்த மூன்று வாரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

லிபி வரப்பில் நின்று சுற்றிப் பார்த்தாள். வாழை ஒன்றுகூட இல்லை. கையிலிருந்த தாளையும் வெறும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாமி, அந்தப் பூச்சி இப்பவும் இருக்கா?"

சரோஜம் இடுப்பை நிமிர்த்தி, சேற்றுக் கையால் சுட்டிக் காட்டினாள்.

"அன்னா நிக்கு பாரு, மண்ணு வெட்டிட்டு. ஒண்ணும் தெளிக்காண்டாம் மோளே. இப்பம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு."